தங்கத்துளிரும் இருபத்து மூன்று வாய்களும்

"இதோட ஆறு சொத்தை," என்றார் பல் மிஸ்ஸி நஸீரா.

மலேசியாவில் செமோர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நூலக அறை. அரசாங்கப் பல் தாதியான மிஸ்ஸிக்கு அந்த வாரம் அதுதான் கிளினிக். ஏழு வயது ஷர்மினி மடக்கு நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தாள். ஈப்போ சுண்ணாம்புக் குகைக்குள் வழி தவறியவர் டார்ச் அடிப்பதுபோல் மிஸ்ஸி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். குகையிலாவது நாலு வௌவால் குடியிருக்கும். இங்கே அதுகூடப் பயந்து ஓடிவிடும்.

பள்ளி வேன் ஓட்டும் அவள் அப்பா ஜெயபாலனை வேனிலிருந்து இறக்கிக் கூட்டி வந்திருந்தார்கள்.

"என்ன பேஸ்ட்டு தேய்க்கிறா?"

"தங்கத்துளிர், மிஸ்ஸி. சுத்த மூலிகை. ஃப்ளோரைடு ஒரு சொட்டு கிடையாது. ரெண்டு வருசமா நான்தான் ஏஜண்டு," என்றார் ஜெயபாலன். அந்த நேரத்திலும் குரலில் பெருமை.

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினார். "ஃப்ளோரைடு வேணாம்னு யாரு சொன்னா?"

"மூளைக்கு ஆகாதுன்னு கம்பெனிக்காரங்க ஈப்போ ஹோட்டல்ல டாக் குடுத்தாங்களே."

"டாக் குடுத்தவருக்குப் பல்லு இருந்துச்சா?"

ஜெயபாலன் யோசித்தார். அந்த மனிதர் பேசிய மூன்று மணி நேரமும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"அண்ணே, புள்ளைங்க பல்லு அரிக்காம காப்பாத்துறதே அந்த ஃப்ளோரைடுதான். பட்டாணி அளவு வச்சு, காலையில ஒரு தடவ, படுக்கப் போறப்ப ஒரு தடவ தேய்ச்சுத் துப்புனா போதும். நீங்க ரெண்டு வருசமா வெறும் வாசனையத் தேய்ச்சிருக்கீங்க." மிஸ்ஸி குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு பால்பல்லு. அது போனா முளைக்கும். இந்தக் கடவாய்ப்பல்லு இப்பத்தான் முளைச்சது, ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. ஈப்போவுல மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். இனிமே முளைக்காது."

ஷர்மினி வாயை மூடாமலேயே அழுதாள். அப்படி அழுவதைப் பார்ப்பது மிகவும் கொடுமை.

"மத்த பிள்ளைங்கள வியாழக்கிழமை பாக்குறேன்," என்று மிஸ்ஸி பேனாவை எடுத்தார்.

ஜெயபாலன் அப்போதுதான் விரல்விட்டு எண்ணினார். ஷர்மினியைத் தவிர்த்து அவர் வேனில் இருபத்து மூன்று பிள்ளைகள். அத்தனை வீட்டுக்கும் தங்கத்துளிர் போட்டவர் அவர்தான். ஒரு வீடுகூட வேண்டாம் என்றதில்லை. வியாழக்கிழமை மிஸ்ஸி ஒரு கையில் குறடும் மறு கையில் வாளியுமாக நிற்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாளி நிரம்பி வழிந்தது.

கையுறைத் தொழிற்சாலையிலிருந்து வந்த மனைவி தினேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்.

"நம்ம புள்ள வாயத்தான் சுடுகாடு ஆக்கினீங்க. ஊரு புள்ளைங்க என்னங்க பண்ணுச்சு?"

அன்று மாலையே ஜெயபாலன் வீடு வீடாகப் போனார். உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. வாசனை மாற்றப் போவதால் கம்பெனி எல்லா டியூபையும் திருப்பிக் கேட்கிறது என்றார்.

"திருப்பிக் குடுக்கவா? வெளையாடாதீங்க அண்ணே," என்றார் பள்ளிக் கேண்டீன் நடத்தும் மாரியம்மா. அவருடைய மகள்கள் இருவரும் வேன் பிள்ளைகள். "அது இல்லாம எங்க வீட்டுல ஒரு வாரம் ஓடாது. வேன்ல இருந்தா இன்னும் நாலு குடுங்க."

"வேணாம்க்கா, பழசு அது."

"பழசே போதும்லா. புதுசு எப்படி இருக்குமோ."

தங்கத்துளிர் நிற்கப் போகிறது என்ற செய்தி அடுத்த வீட்டுக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கடுத்த வீட்டில் அவர் வாயைத் திறக்குமுன் வேன் கதவைத் திறந்துவிட்டார்கள். டியூபுகளைப் பிடுங்கி வரப் போனவர், வண்டியில் இருந்த இரண்டு பெட்டியையும் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அவ்வளவு ருசியாவா இருக்கு?" என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார்.

இனி ஒரே வழி. தானே ஃப்ளோரைடு போட்டுவிடுவது. செமோர் கடைகளில் இருந்த, பிள்ளைகளுக்கான ஃப்ளோரைடு பேஸ்ட்டை எல்லாம் பிரஷ்களோடு வாரினார். ஸ்ட்ராபெரி வாசனை. மறுநாள் காலை, முன்பு ரப்பர்ப் பால்மரமும் இப்போது எண்ணெய்ச் செம்பனையுமாக நிற்கும் தோட்டப் பாதையில் வேனை நிறுத்தி, பிள்ளைகளைக் கால்வாய் ஓரம் வரிசையாக நிற்க வைத்தார்.

"அங்கிள், நான் வீட்டுல தேய்ச்சிட்டேன்லா," என்றாள் மாரியம்மாவின் மூத்த மகள் சாந்தினி.

"அது தேய்ச்சதுல சேராதும்மா. வாயத் திற."

மிஸ்ஸி சொன்னது பட்டாணி அளவு. ஆனால் இரண்டு வருடத்துப் பட்டாணி பாக்கி இருக்கிறதே. அதை இரண்டே காலையில் அடைத்தாக வேண்டும். ஜெயபாலன் பிரஷ் மறைகிற அளவுக்குப் பிதுக்கினார். தேய்த்து முடித்ததும் மறுபடி பிதுக்கினார். துப்பச் சொன்னார். ஸ்ட்ராபெரியைத் துப்பச் சொல்கிற மனிதரைப் பிள்ளைகள் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விழுங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை தப்பித்தது. புதன்கிழமை, பள்ளிக் கேட்டருகே சாந்தினி வாந்தியைத் தொடங்கி வைத்தாள். பதினோரு பேர் வழிமொழிந்தார்கள். இளஞ்சிவப்பு நுரை வேன் படியில் இறங்கி, கிந்தா ஆற்றைத் தேடிப் புறப்பட்டது.

பத்து நிமிடத்தில் எல்லார் கைப்பேசிக்கும் செய்தி போயிற்று: வேன்காரர் பிள்ளைகளுக்கு ஏதோ மருந்து கொடுத்துவிட்டார். இருபது நிமிடத்தில் பள்ளி மண்டபம் நிறையப் பெற்றோர். ஒருவர் செம்பனைக் குலை வெட்டும் கத்தியோடு வந்திருந்தார். அதை எதற்குக் கொண்டு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"நெறைய முழுங்கிட்டாங்க, அவ்வளவுதான். பால் குடுங்க," என்று மிஸ்ஸி நஸீரா பிள்ளைகளை உட்கார வைத்தார்.

ஜெயபாலனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மண்டபத்தின் நடுவில் வந்து நின்றார். "உங்க புள்ளைங்க பல்லெல்லாம் என்னாலதான் அழிஞ்சுபோச்சு. தங்கத்துளிர்ல ஒண்ணுமே இல்ல. எம்மவளுக்கு ஆறு போச்சு. அத மறைக்கத்தான் இதெல்லாம் செஞ்சேன். என்ன வேணாலும் செய்ங்க."

மிஸ்ஸி வியாழக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. டார்ச்சை எடுத்தார். சாந்தினி வாயைத் திறந்தாள்.

"சுத்தமா இருக்கு."

அடுத்த வாய். அதுவும் சுத்தம். அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஜெயபாலன் கண்ணை மூடி மூடித் திறந்தார். இருபத்து மூன்றாவது வாய் மூடியபோது, மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷர்மினியை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மிஸ்ஸி, பேஸ்ட்டு மேல தப்பே இல்ல. இத்தன பேரும் ரெண்டு வருசமா அதத்தானே தேய்ச்சாங்க."

கூட்டம் தரையைப் பார்த்தது. கத்தி வைத்திருந்தவரும் பார்த்தார். கடைசியில் மாரியம்மாதான் மெதுவாகச் சொன்னார்.

"வேன்காரரு மனசு நோகக் கூடாதேன்னு வாங்குனோம், அண்ணே. கொலுசு, சாமிச் சாமான் தேய்ச்சா அப்படி மின்னும். அதப் போயி யாராச்சும் புள்ள வாயில வைப்பாங்களா?"