கரடியம்மா பஸ் பிடிக்கிறாள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம், கம்ப்யூட்டர் நலம், எங்கள் கரடி மட்டும் கொஞ்ச நாளாக நலமில்லை. அங்கு நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி, உன்னிடம் ஓர் அனுமதி கேட்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

எங்கள் கார்ட்டூன் படத்தில் ஒரு கரடியம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். பார்வைக்குக் கையால் வரைந்தது போல இருப்பாள். ஓட வைப்பது கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டத்தில் உயிர் வராவிட்டால் காட்சியையே வெட்டிவிடுவேன் என்றார் டைரக்டர். எங்கள் பிரிவு இந்த வருடம் செய்த வேலையே அது ஒன்றுதான். கணிதம் படித்த தைரியத்தில் ஒவ்வோர் அசைவையும் வழவழவென்று ஆக்கிக் காட்டினேன். "கோடு கையால வரைஞ்ச மாதிரிதான் இருக்கு. ஓட்டம் மட்டும் ஃப்ரிட்ஜைத் தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கே" என்றார். கையால் வரைபவர்கள் வேலையை மிச்சம் பிடிக்க, வரைந்த ஒவ்வொரு படத்தையும் திரையில் அடுத்தடுத்து இரண்டு முறை காட்டுவார்களாம். நானும் கரடியின் படங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கி, மீதியை இரண்டிரண்டு முறை காட்டினேன், கரடி வெட்டி வெட்டி நகர, பின்னால் தெரு மட்டும் வழுக்கிக்கொண்டு போக, எட்டிப் பார்த்த அக்கவுண்டன்டுக்குத் தலை சுற்றிவிட்டது. சரி, கோடுகளாவது கை நடுங்கியது போலத் துடிக்கட்டும் என்றார்கள். துடித்தன. கரடிக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. கடைசியில் என்னையே கைப்பையோடு வராந்தாவில் ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். "மேடம், நீங்க ஓடல. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே நகர்றீங்க" என்றாள் எங்கள் ஓவியப் பெண்.

அப்போதுதான், அக்கா, கோபப்படாதே, போன மாதம் ஸ்டேஷனில் நீ ரயிலைத் துரத்திய வீடியோவை எடுத்துக் காட்டினேன். முதலில் இடுப்பு கிளம்புகிறது, அப்புறம் பை, கடைசியாகத் தலை. நடுவில் தெரிந்தவர் யாரோ எதிரே வர, சட்டென்று நின்று, உலகத்தில் அவசரமே இல்லாதவள் போல முடியை ஒதுக்கி, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டு மறுபடி பிய்த்துக்கொண்டு ஓடுகிறாய்! கரடியையும் ஓட்டத்துக்கு நடுவே அப்படியே நிறுத்தி, முடியை ஒதுக்க வைத்தோம். உயிர் வந்துவிட்டது அக்கா! டைரக்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் மேஜைமேல் ஏறிக் கத்தினேனாம். நான் நம்பவில்லை. ஆனால் அதற்கும் வீடியோ இருக்கிறது.

உன் சம்மதம் இல்லாமல் இதைப் படத்தில் சேர்க்க விடமாட்டேன். முகம் கரடியுடையது, உடம்பு கரடியுடையது. அம்மாவே பார்த்தாலும் உன்னை அடையாளம் தெரியாது. நிதானமாக யோசி. அத்தானிடம் மட்டும் மூச்சு விடாதே.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் தங்கை

பி.கு.: இதை அனுப்புவதற்குள் அத்தான் என் குடையைத் திருப்பித் தர ஆபீசுக்கே வந்துவிட்டார். திரையில் இருந்தது வெறும் கோட்டுக் கரடி, கண்கூட வரையவில்லை. கதவருகில் நின்று ஒரு கணம் பார்த்தார். "முட்டி மடங்கலன்னு சொல்லிட்டு மாசக்கணக்கா என்னைக் கடைக்கு அனுப்பறா. இங்க பாரு, என்னமா ஓடறா!" டைரக்டர் அந்த நொடியே காட்சியை ஏற்றுக்கொண்டார். அத்தான் படம் வெளியாகும் முதல் நாளைக்கு உங்கள் மாடியில் குடியிருக்கும் எல்லாருக்கும் டிக்கெட் கேட்டிருக்கிறார். இந்த மெயில் உன் போனுக்கு வரும்போது அவர் வாசலில் மணி அடித்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து ஓடிப் போய்க் கதவைத் திறக்காதே.