பலாப் பலகைக்குப் பூசிய அத்தர்

புதூர்நாடு,
அக்டோபர் 1961

மதிப்பிற்குரிய மச்சான் மஜீத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை சகிலாவைக் கட்டிக்கொடுத்துவிட்டு இத்தனை வருடமாக என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த அமீனுல்லா எழுதுவது. மலையில் நான் நலம். வாணியம்பாடி வீட்டில் சகிலாவும் மகள் கனீஸ் ஃபாத்திமாவும் நலம். சென்னையில் நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். விஷயம் அவசரமானதால் நலம் விசாரிப்பை இத்துடன் முடித்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எனக்கு ஒரு ரேஹல் வேண்டும். ஓதும்போது குர்ஆனை விரித்து வைப்போமே, அந்த மடக்குப் பலகைதான். மூர் மார்க்கெட்டில் பார்த்து வாங்கி, கனீஸின் நிக்காஹுக்கு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவாருங்கள். ஒரு நிபந்தனை, அது அழகாக இருக்கக்கூடாது. கோணலாக, கடைக்காரனே கழித்துக்கட்டி மூலையில் போட்டதாகப் பார்த்து எடுங்கள். அழகாக இருந்தால் நான் செய்தது என்று பிள்ளை நம்பமாட்டாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாங்கி லாரி ஏற்றுவது என் பிழைப்பு, பொழுது சாய்ந்தால் உளியும் கையுமாக உட்காருவது என் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் பிறந்த அகப்பைகளை வைத்துத்தான் சகிலா அடுப்பெரிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நம்ம கனீஸ் இருக்கிறாளே, நிச்சயம் முடிந்த அன்றே என்னிடம் வந்து, "அத்தா, நகை நட்டெல்லாம் நீங்க போடறது போதும். உங்க கையால ஒரு ரேஹல் மட்டும் செஞ்சி குடுங்க, அந்த வூட்டுக்கு நான் எடுத்துக்கினு போறேன்" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் மச்சான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

ரேஹலைப் பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரே பலகை, ஆணி கூடாது, ஒட்டு கூடாது. நடுவில் விரல்களைக் கோத்த மாதிரி கீல் செதுக்கி, இரண்டு முனையிலிருந்தும் பலகையின் கனத்தைப் பிளந்துகொண்டே வரவேண்டும், அப்போதுதான் அது திறக்கும். முதல் பலகையைப் பிளந்த வேகத்தில் கீலையும் சேர்த்துப் பிளந்தேன், அது இப்போது எண்ணெய்ப் பானைக்கு மூடி. இரண்டாவது திறக்கமாட்டேன் என்றது. ஒரு பக்கம் நானும், காற்றில் விழுந்த தன் பலாமரத்தை எனக்குக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் மறுபக்கமும் பிடித்து இழுத்ததில், அந்தம்மாள் பாதி ரேஹலுடன் சாமைக் குவியலில் போய் உட்கார்ந்தார். மூன்றாவது திறந்தது, மூடியது. ஒரு கால் குட்டை, அதனால் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். முகப்பில் ஒரு பூங்கொடி செதுக்கினேன். சுந்தரம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா பாய், பூரான வுட்டுக்கீறீங்க" என்றார். ஓதுகிற பலகையில் உயிருள்ள உருவம் கூடாதே என்று பதறி, கொடிக்கு நிறைய இலை சேர்த்தேன். பூரானுக்குக் கால் கூடியதுதான் மிச்சம்.

போகட்டும், பலகையாவது மணக்கட்டுமே என்று, கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த சந்தன அத்தரை ஒரு புட்டி முழுக்கத் தேய்த்து ஊறவைத்தேன். இந்த மலையில் சந்தனம் சர்க்கார் சொத்து. கட்டையை ஒளித்துக்கொண்டு இறங்குகிறவனைப் பிடிக்கத்தான் அடிவாரத்தில் செக்போஸ்ட் போட்டிருக்கிறார்கள் என்று இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். மஞ்சள் நிறப் பலாப் பலகைக்குச் சந்தனத்தைப் பூசி, துணியில் சுற்றி, வாணியம்பாடிக்கு லாரியில் மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். செக்போஸ்டில் நிற்கும் ஃபாரஸ்ட் கார்டு தீர்த்தகிரி தினமும் என்னோடு டீ குடிக்கிற மனிதன். அவன் மோந்து பார்த்துவிட்டு, "இன்னா பாய் இது, லாரியே மணக்குது" என்றான். பலா என்றேன். "பலாவுக்கு ஏது பாய் இந்த வாசன?" அத்தர் என்றேன். "மாட்டிக்கினவன் எல்லாம் அத்தர்னுதான் சொல்றான். சர்க்காரு எனக்குத் துப்பாக்கியா குட்த்துகீது? இந்த மூக்குதான் பாய்" என்றான். லாரிக்காரன் வேடியப்பன் மோந்தான், சந்தைக்குப் போகிறவர்கள் இறங்கி வரிசையாக மோந்தார்கள். ஒருவர்கூடப் பலா என்று சொல்லவில்லை. ரேஞ்சர் வந்து பார்க்கும்வரை தரமுடியாது என்று தீர்த்தகிரி பலகையை உள்ளே வைத்துவிட்டான். நான் வெறுங்கையோடு பிள்ளை முகத்தைப் பார்க்கப் பயந்து, அடுத்த லாரியில் மலைக்கே திரும்பிவிட்டேன். இனி உளியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே தாங்கள்தான் என் மானத்தைக் காப்பாற்றவேண்டும். சகிலாவுக்குச் சொல்லவேண்டாம். மாமிக்கு என் சலாம், பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் துஆவை நாடும்,
அமீனுல்லா

பின்குறிப்பு: ரேஹல் வாங்கவேண்டாம். மச்சான், இந்தக் கடிதத்தைத் தபாலுக்குக் கொடுத்தனுப்ப லாரியை எதிர்பார்த்திருந்தேன். வேடியப்பன் வந்து, "பாய், உங்க வூட்டம்மாவும் பொண்ணும் செக்போஸ்ட்ல நிக்கிறாங்க, உங்கள இட்டாரச் சொன்னாங்க" என்றான். எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னதும் அவன்தான். கல்யாணப் பெண் வாசற்படி தாண்டக்கூடாது என்று ஊருக்கே சட்டம் பேசும் உங்கள் தங்கை, பிள்ளையின் பிடிவாதம் தாங்காமல் தானே கூட்டிவந்திருந்தாள். நான் போய் இறங்கியபோது ரேஞ்சர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கனீஸ் அவரிடம் சொல்கிறாள்: "ஐயா, நல்லா பாருங்க. கையில சந்தனக் கட்ட கெடச்சவன் அத்த இப்டி செதுக்கிப் பாழாக்குவானா? இது எங்க அத்தா வேலதான்." ரேஞ்சர் பூரானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிதாம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், கண்தான் கலங்கியது.

வீடு வரைக்கும் அதை அவள் மடியைவிட்டு இறக்கவில்லை. குட்டைக் காலுக்குச் சமமாக மற்ற காலையும் அறுத்துத் தருகிறேன் என்று ரம்பத்தை எடுத்தேன். "வேணாம் அத்தா" என்று பிடுங்கிவிட்டாள். "ஓத உக்காரும்போதெல்லாம் அந்தக் காலுக்கு அடியில ஒரு அட்டய மடிச்சி வெக்கணும் இல்ல? வெக்கிறப்பல்லாம் உங்களுக்கு ஒரு துஆ கேட்டுட்டு அப்புறம் ஓதுவேன்" என்றாள்.