மேடையில் கொதித்த சாம்பார்

பசியைப் பற்றிய ஒரு நாடகத்தில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், இன்னும் சாப்பிடாத ஒரு கூட்டத்தின் முன்னால், உண்மையான சாம்பாரைக் கொதிக்க வைப்பது நியாயமா?

நான் படித்த எந்தப் புத்தகமும் இந்தக் கேள்வியை எழுப்பியதில்லை. எழுப்பியவள் என் அம்மா. பெங்களூர் அல்சூரில், எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் மேடை மீது ஏறி நின்று, கையில் கரண்டியோடு எழுப்பினாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சமூகவியலில் முதுகலை முடித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை; அதற்குள் கொள்கை கிடைத்துவிட்டது. அதன் பெயர் இயற்பண்புவாதம். வாழ்க்கையை, சோதனைச்சாலையில் தவளையைப் பார்ப்பதுபோல, ஒப்பனையின்றிப் பார்க்க வேண்டும். பிறப்பும் சூழலும் மனிதனை எங்கே தள்ளுகின்றனவோ அங்கேதான் அவன் போவான். இடையில் யாரும் புகுந்து காப்பாற்ற முடியாது. இப்படி நம்பிக்கொண்டு, நான் மாலையில் வீட்டுக்கு வந்து அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் பக்கத்தில் மில் மூடி வேலை இழந்த குடும்பங்கள் பல இருந்தன. ஒற்றை அறை வீடுகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிக்க இடமில்லை. மன்றத்தின் கூடமோ, விழாவும் கல்யாணமும் இல்லாத நாட்களில் பூட்டியே கிடந்தது. மாலையில் அதைத் திறந்துவிட வேண்டும் என்று செயலாளர் சுந்தரமூர்த்தி அங்கிளிடம் கேட்டேன். மாநில அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்; எதையும் உடனே மறுக்காமல் ஊறப்போடும் கலையை அங்கேயே கற்றவர்.

"சும்னே பேசிப் பிரயோஜனம் இல்லம்மா. டிசம்பர் விழாவுல நாடகம் போடறேன்னியே, அதுல இந்தப் பிரச்சினையைக் காட்டு. கமிட்டி மொத்தமும் இருக்கும். அன்னைக்கே முடிவு சொல்லிடறோம்."

ஆக, அந்தப் பிள்ளைகளின் மாலைப் பொழுதுகள் என் நாடகத்தை நம்பியிருந்தன. (பாவம், அவர்களுக்கு இது தெரியாது.)

கதை எளியது. மில் மூடிய வீடு. மனைவி கடைசிப் பருப்பைப் போட்டுச் சாம்பார் வைக்கிறாள். கணவன் குடித்துவிட்டு வந்து பானையை எட்டி உதைக்கிறான். எல்லாரும் பட்டினியாகப் படுக்கிறார்கள். திரை இறங்கும்போது, "இந்தக் குடும்பத்தின் விதியை யாராலும் மாற்ற முடியாது" என்று நான் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

கொள்கைப்படி மேடையில் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ஆகவே உண்மையான பம்ப் ஸ்டவ், உண்மையான பருப்பு, உண்மையான முருங்கைக்காய். கடைசி வரிசைக்கும் மணம் போக வேண்டுமென்று, வீட்டிலிருந்த பெரிய வெண்கலப் பானையை அம்மாவுக்குத் தெரியாமல் தூக்கி வந்தேன். பட்டினி கிடக்கும் வீட்டில் தெருவுக்கே போதுமான சாம்பார் எதற்கு என்ற கேள்வி எனக்கு உதிக்கவேயில்லை.

மனைவியாக நடித்தவர் பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா; ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்ப்பவர். "சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுங்கள், என்ன நடந்தாலும் திரும்பாதீர்கள்" என்று கற்பித்திருந்தேன். குடிகாரக் கணவன், விவேக் நகர் ஆட்டோ ஓட்டுநர் முருகேசன் அண்ணன். அவர் அந்த மாதம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். "குடிகாரனா நடிச்சா விரதம் கெட்டுடாதா மேடம்?" என்று கவலைப்பட்டவருக்குக் கலையின் தத்துவத்தை விளக்கிச் சம்மதிக்க வைத்தேன். ஒத்திகையில் அவர் உதைத்தது காலி பிளாஸ்டிக் பக்கெட்.

விழாவில் சொற்பொழிவுகள் நீண்டுபோய், நாடகம் தொடங்கவே எட்டரை ஆகிவிட்டது. ஸ்டவ் போட்ட இரைச்சலில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. மணம் மட்டும் பிரமாதமாகப் போய்ச் சேர்ந்தது. தாளித்த பெருங்காயம் கூடத்தைச் சுற்றி வந்தபோது முன்வரிசைக் குழந்தை ஒன்று, "அம்மா, பசிக்குது" என்றது. அதன் அப்பா, "எனக்கும்தான், இரு" என்றார்.

பிறகு மணம் மாறியது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "சரோஜா! அடிபிடிக்குது பாரு!"

அம்மாவின் குரல். சரோஜா அக்கா திரும்பவில்லை; உண்மையான கலைஞர். முன்னிலும் சத்தமாக அழுதார்.

"ஏய், அது நம்ம வீட்டுப் பானை மாதிரியே இருக்கே... ஐயோ, நம்ம பானையேதான்! எங்கம்மா சீரா குடுத்ததுடி!"

அடுத்த கணம் அம்மா மேடையில் இருந்தாள். திரியில்லாத அந்த ஸ்டவ்வின் காற்றைத் திறந்து தணித்தாள். முந்தானையால் பானையைப் பிடித்து, கிண்டி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இறங்கும்மா, நாடகம் நடக்குது!" என்று நான் பக்கத் திரைக்குள்ளிருந்து கெஞ்சினேன்.

"நடக்கட்டும். நான் ஓரமா கிண்டிக்கிட்டு இருக்கேன்."

"ஒரு துண்டு வெல்லம் போடுங்கக்கா" என்று சபையிலிருந்து ஓர் அம்மாள் யோசனை சொன்னார்.

"சாம்பாருக்கு வெல்லமா?" என்று பின்வரிசை கொதித்தது. (தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த கம்ப்யூட்டர் இளைஞர்கள்.)

"இது பெங்களூருப்பா. பிடிக்கலேன்னா ரயிலேறு!"

என் நாடகம் சமூகத்தில் விவாதத்தைக் கிளப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். கிளப்பிவிட்டது.

இந்த நேரத்தில் முருகேசன் அண்ணன் தள்ளாடியபடி நுழைந்தார். பானையை நெருங்கி, சொல்லிக்கொடுத்தபடி காலைத் தூக்கினார். எதிரே அம்மா.

"சாமி! மாலையைப் போட்டுக்கிட்டு சாப்பாட்டை உதைக்கப் போறீங்களா சாமி?"

கால் அந்தரத்தில் நின்றது. இது ஒத்திகையில் உதைத்த காலி பக்கெட் அல்ல என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெல்லக் காலை இறக்கி, "இல்ல சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சபை கைதட்டியது. அவர் என் பக்கம் திரும்பி, "மேடம், இது நல்லா வந்திருக்கு. உதைக்க மனசு வரல" என்றார்.

அம்மாவும் என்னைக் கண்டுகொண்டாள். "கலா, வெளியே வாடி! சாப்பாட்டு நேரத்துல எல்லார் மூக்குக்கு முன்னாடியும் சாம்பாரை வெச்சுட்டு, அதைக் கவுத்துக் கொட்டறது நியாயமா?"

ஒலிபெருக்கியில் படிக்க வேண்டிய தாள் என் கையில் இருந்தது. யாராலும் மாற்ற முடியாத விதியை அம்மா மாற்றிப் புளியும் கரைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் கூடம் போயே போய்விட்டது என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது, இன்னும் முதுகைக் காட்டியபடியே சரோஜா அக்கா கேட்டார்: "கலா, திரும்பலாமா?"

கூடமே சிரித்தது. சுந்தரமூர்த்தி அங்கிள் எழுந்தார். என் மீது பாயப் போகிறார் என்று நினைத்தேன். "கல்யாணச் சமையல்கட்டுல அரிசி இருக்கு. யாராவது சோறு வடிச்சா இங்கேயே ஊட்டா சாப்பிட்டு முடிச்சுக்கலாம்" என்றார்.

வடித்தார்கள். இலைகளும் வந்தன. நாடகம் பார்க்கப் பின்னால் நின்றிருந்த மில் வீட்டுப் பிள்ளைகளை அம்மா முதல் பந்தியில் இழுத்து உட்கார வைத்தாள், கமிட்டிக்காரர்களுக்கு இடையிடையே. பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "சார், இந்தப் பசங்க சாயங்காலம் இங்க வந்து படிக்கட்டும்ங்கறா என் பொண்ணு. என்ன சொல்றீங்க?"

அங்கிள் தம் இடப்பக்கம் பார்த்தார். ஒரு சிறுமி இலையை வழித்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கமும் அதே காட்சி. கமிட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, சோற்றுக்குத் தவிர.

"சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார். "திங்கட்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

"நாடகம் எப்படி இருந்துச்சு அங்கிள்?" என்று தயங்கிக் கேட்டேன்.

"வெல்லம் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றும் அடுப்பில் ஏதாவது தீய்ந்தால், அதை யாரும் நேராகச் சொல்வதில்லை. "கலா, திரும்பலாமா?" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து போவேன். அன்று யார் சொல்லையும் கேட்காமல் மேடையேறிய அம்மாவுக்கும், தூக்கிய காலை இறக்கிய முருகேசன் அண்ணனுக்கும் நான் பட்ட கடனை வேறு எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. அந்தத் திங்கள் முதல் மாலைகளில் கூடம் திறந்திருந்தது. படிக்க வரும் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டே வீடு திரும்பினார்கள். வெண்கலப் பானையை அம்மா அங்கேயே விட்டுவிட்டாள்.