பூனை இல்லாத வீடு

"மாப்பிள்ளையிட உம்மாவுக்குப் பூனையெண்டாக் கண்ணில காட்டேலாது," என்று கலியாணப் புரோக்கர் ஸஹீத் சொல்லிவிட்டுப் போனபோது, றாஸிக்கின் கல்முனை வீட்டு முற்றத்தில் நாலு பூனைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

நாலும் யாரும் வளர்த்தவை அல்ல. வந்தன, இருந்தன. வீடோ மகள் பஸ்னாவுக்குச் சீதனமாகக் கட்டியது. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை தன் சாமான்சட்டோடு இங்கேதான் குடிவருவார். ஆகவே வீடு பிடிக்காவிட்டால் சம்பந்தமும் போச்சு. ஏற்கெனவே இரண்டு தட்டிப்போன கவலையில் றாஸிக் சரியாகத் தூங்கியே மாதக்கணக்காகிறது. வெள்ளிக்கிழமை சம்மாந்துறையிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். இன்று ஞாயிறு.

"அடிச்சித் துரத்தட்டா?" என்றார் றாஸிக்.

"வாயில்லாச் சீவன அடிச்சிப்போட்டு மறுமையில ஆரு பதில் சொல்றது?" என்றாள் மனைவி ஸுலைஹா.

மறுநாள் வெல்டிங் கடையில் ஒரு கம்பிக்கூடு செய்வித்து, பொரித்த சூரை மீன்தலை ஒன்றை உள்ளே வைத்தார். பத்தே நிமிடத்தில் ஒரு பூனை மாட்டியது. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய், மாவடிப்பள்ளி நெல் மில்லடியில் பிஸ்மி சொல்லித் திறந்துவிட்டார். மில்லில் எலிக்குப் பஞ்சமில்லை. ஆயுசுக்கும் சாப்பாடு.

திரும்பி வந்து எண்ணினால் ஆறு.

"மீன் வாசத்துக்குத் தெரு ஒழுங்கைப் பூனையெல்லாம் வந்திட்டு. மீன நிப்பாட்டுங்க," என்றாள் ஸுலைஹா.

"நிப்பாட்டினா கூட்டுக்குள்ள நானா போய் இரிக்கிற?"

செவ்வாய்க்கிழமை மூன்றை அனுப்பினார். புதிதாக ஐந்து வந்தன. புதன்கிழமை மீனுக்குப் பதில் கருவாடு வைத்தார். கருவாட்டு வாசம் இன்னும் தூரம் போகுமென்று அவருக்கு யார் சொல்வது? அன்று அவசரத்தில் பக்கத்து வீட்டு சில்வெஸ்டர் மாஸ்டரின் பூனையும் மாவடிப்பள்ளி போய்விட்டது.

"றாஸிக், எங்கட றோசியக் கண்டயளோ?"

"இல்லியே மாஸ்டர்," என்று பொய் சொல்லிவிட்டு மில்லடிக்குப் பறந்தார். வரம்பு வரம்பாக "றோசி, றோசி" என்று கூப்பிட்டுத் திரிந்த அவரை, வயலில் நின்றவர்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். றோசி கிடைத்தாள். கையெல்லாம் கீறல்.

வியாழன் பின்னேரம் பதினைந்தாவது பூனையும் மில்லடியில் இறங்கியது. றோசி கணக்கில் இல்லை. முற்றம் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்து றாஸிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கட்டிலுக்குக் கீழே குனிந்தார். குசினி மூலையெல்லாம் பார்த்தார். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"பூனை கீனை வாறல்லியே காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"மருந்துக்கும் ஒண்டில்ல ராத்தா."

"அப்பச் சரி. வாற கிழமையே கலியாணத்த வெச்சிருவம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் றாஸிக். "என்ன ராத்தா இவ்வளவு அவசரம்?"

உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மகன் போன மாசம் மாவடிப்பள்ளியில ஒரு மில்லு குத்தகைக்கி எடுத்தான். ஆரோ ஒரு முஸீபத்துப் புடிச்சவன் அதுக்குள்ள நாளாந்தம் பூனையக் கொண்டந்து விடுறான். இவன் பதினைந்தையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திட்டான், அதுகள உட்டுப்போட்டு எங்கயும் போகமாட்டானாம். எனக்கோ பூனையெண்டாக் கண்ணில காட்டேலாது, அதுதான் அவசரம். இஞ்ச குடிவரக்குள்ள அதுகளும் கூட வரும் காக்கா, வேற பூனை இரிந்தாச் சண்ட புடிக்குமே, அதுதான் தேடிப் பாத்தன்."