ராசா காலில் கட்டிய பட்டி

"இது ஆரின்ர?" என்று கேட்டாள் இராசமலர்.

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். கணவரின் கோட்டைத் தோய்க்க எடுத்தபோது அதன் பைக்குள்ளிருந்து விழுந்திருந்தது அது: நீல வெல்வெட் பட்டி, பொன்னிறக் கொளுக்கி. பெண்கள் காலுறை நழுவாமலிருக்க மாட்டுவது.

குணரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாடகத்துக்கு, மலர். பக்கத்து ஊர் நியூ லின்னில சரித்திரச் சங்கம் போடுற நாடகம்."

"அதில உங்களுக்கு என்ன வேசம்?"

"நான்... விளக்குப் பிடிக்கிறன்."

அவள் பார்த்த பார்வையில் அவர் சரித்திரத்தையே துணைக்கு அழைத்தார்.

"கேளுமன். அறுநூறு வருசத்துக்கு முந்தி எட்வேர்ட் ராசா ஒரு சீமாட்டியோட ஆடேக்க, அவவின்ர காலுறைப் பட்டி கழண்டு விழுந்திட்டுதாம். எல்லாரும் சிரிச்சினமாம். ராசா அதை எடுத்துத் தன்ர காலில கட்டிக்கொண்டு, 'இதைத் தப்பா நினைக்கிறவனுக்குத்தான் வெக்கம்' எண்டாராம். அப்பிடி வந்ததுதான் கார்ட்டர் எண்ட வீரப்பட்டம். இங்கிலாந்தில அதுக்கு மேல பட்டம் இல்லை."

"ராசா கலியாணம் கட்டினவரோ?"

"ஓம்."

"அந்தச் சீமாட்டி ராணியோ?"

"இல்லை..."

"பிறகு?"

"பிறகு இருபத்துநாலு பேருக்கு அந்தப் பட்டியைக் குடுத்தவர்."

"இருபத்துநாலு பேருக்கோ!"

அன்றிலிருந்து அவள் தனக்கு மட்டும் புட்டு அவித்தாள். மறுநாள் அவர் தெருமுனை டெயரிக் கடையில் பூ வாங்கி வந்தார். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்கு வந்த முதல் பூ. மிச்சமிருந்த நம்பிக்கையும் அதோடு போயிற்று.

சனிக்கிழமை அவர் ஒத்திகைக்குக் கிளம்பியதும், பட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடிருந்த மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து அவளும் பஸ் ஏறினாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காகித மட்டைச் சிம்மாசனம், அட்டைக் கிரீடம் வைத்த ராசா, நடனத்துக்கு உடுத்து நிற்கும் சீமாட்டி. ஏணியின் உச்சியில், வியர்த்து வழிய, உண்மையாகவே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார் குணரத்தினம்.

பாவம் மனுசன். ஒரு வாரமாய் ஒழுங்கான சாப்பாடும் இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

மூலையில் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த மலேசியத் தமிழ்ப் பெண் சீதாதேவியிடம் போய்ப் பட்டியை நீட்டினாள்.

"தங்கச்சி, உங்கட நாடகச் சாமான். இவர் மறந்துபோய் வீட்ட கொண்டு வந்திட்டார், குறை நினைக்காதேங்கோ."

மேலே வெளிச்சம் ஒருமுறை ஆடியது.

சீதாதேவி பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு அக்கா. ஆனா நம்ம பட்டி ராஜா கால்லயே இருக்கே?"