செம்புக்கம்பி நடுங்கிய இடம்

கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கண்ணீர் வேண்டாம் என்றது பேனர். என்ன வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல வாசலில் ஓர் உண்டியல் இருந்தது.

கட்டில், பீரோ விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. அங்கேதான் அதிர்வு ஐயா எழுந்தருளினார். படி முழுக்கக் கூட்டம். வயிற்றைப் பிடித்தபடி சிலர், கழுத்தில் மஃப்ளர் சுற்றியபடி சிலர், தலையில் துணி கட்டிய பெண்கள் சிலர். லிஃப்ட் ஓடி மாதக்கணக்கில் ஆகிறது. எமனையே திருப்பி அனுப்பும் மகானால் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைக்க முடியவில்லை போலும். யாரும் கேட்கவில்லை. மூச்சு வாங்கி நிற்பவனுக்குக் கேள்வி கேட்க ஏது மூச்சு?

ஐயாவின் வைத்தியம் எளிமையானது. நோயாளி எதிரே நிற்க வேண்டும். ஐயா ஒரு செம்புக்கம்பியைத் தலையிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வருவார். நோய் இருக்கும் இடம் வந்ததும் கம்பி நடுநடுங்கும். பிறகு கம்பியை ஒரு கிண்ணத் தண்ணீரில் தோய்ப்பார். தண்ணீர் கறுக்கும். அந்தக் கறுப்புதான் வெளியே வந்த புற்றுநோயாம். சதைக்குள் ஒளிந்திருக்கும் கட்டியைப் பார்த்துவிடும் அந்தக் கண்களுக்கு, டோக்கன் நம்பரைப் படிக்க மட்டும் தடிமனான மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது.

இந்தக் கூட்டத்தில்தான் சின்னவளும் இருந்தாள். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். மார்பில் கட்டி என்று டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் காட்டி, வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். அவளை ஐயாவிடம் அழைத்து வந்தவர் அவள் கணவர். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். தான் விற்கும் சரக்கின் மேல் மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சின்னவளின் ஓரகத்தி, அதாவது அவள் கணவருடைய அண்ணன் மனைவி, பியூட்டி பார்லர் நடத்துகிறாள். பெரியவள் என்றே வைத்துக்கொள்வோம். வாய் கொஞ்சம் நீளம், கத்தரிக்கோல் அதைவிடக் கூர்மை. போன வருஷம் அவளுக்கும் இதே நோய். ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். குடும்பத்துக்குத் தெரியும், ஆனால் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எந்தப் பக்கம் என்றுகூடச் சின்னவளுக்குத் தெரியாது. கஸ்டமர்களிடம் "குடல் ஆபரேஷன்" என்று சொல்லியாயிற்று. குடலை வெட்டினால் தலைமுடி ஏன் கொட்டுகிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நம் ஊர் மரியாதை அப்படி.

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் பெண் பெரியவளுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தாள். வெறும் பஞ்சை வைத்தால் மேலே ஏறிக்கொள்ளும். துணிப்பையில் கடுகை நிரப்பித் தைத்து உள்ளாடைக்குள் வைத்தால் எடையும் சரியாக இருக்கும், இடமும் மாறாது. அன்று முதல் பெரியவளின் இடது பக்கத்தில் கடுகுதான் குடியிருந்தது.

மதியம் பார்லரில் ஆள் இல்லாத நேரத்தில் சின்னவள் வந்தாள்.

"வியாழக்கிழமை ஆபரேஷனுக்குப் போகல அக்கா. தள்ளி வெக்கச் சொல்லப் போறேன்."

"எதுவரைக்கும்?"

"கரையற வரைக்கும். கத்தி பட்டா சிதறிடுமாம், உடம்பு பூரா ஓடுமாம். ஐயா சொன்னாரு."

"எனக்கும்தான் பட்டுச்சு. எங்க ஓடுச்சு? நான்தான் தினமும் பஸ்ஸுக்கு ஓடிட்டிருக்கேன்."

"தண்ணி கறுப்பாகுது அக்கா. என் கண்ணால பாத்தேன்."

"நானும்தான் பாக்கறேன், அந்த வாஷ்பேசின்ல. அது ஹேர் டை."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் டை. எங்க கட்டி இருக்குன்னு நான் சொல்லவே இல்ல, அவரே சொல்லிட்டாரு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"யார்கிட்டயுமே சொல்லலயா?"

சின்னவள் யோசித்தாள். "பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. மஞ்சள் சால்வை. அவங்களுக்கும் மார்புல கட்டிதானாம். ரெண்டு பேரும் அழுதோம். அவங்ககிட்ட மட்டும்தான்."

பெரியவள் சிரித்துவிட்டாள். சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க தைரியசாலி, சிரிப்பீங்க. எடுத்ததுக்கு அப்புறம் நான் கண்ணாடிய எப்படிப் பாப்பேன்? அத யாராவது சொன்னீங்களா? அவராவது அப்படி ஆகாதுன்னு சொல்றாரு."

நாலு சுவரிலும் கண்ணாடி மாட்டிய அறையில் நின்றுகொண்டு பெரியவள் தரையைப் பார்த்தாள். வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் மேல் ஒரு வருஷமாக அவளே துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். சின்னவள் முட்டாளும் இல்லை, பைத்தியமும் இல்லை, பயந்திருக்கிறாள். பயத்துக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவள் வாயை மூடிக்கொண்டதால், ஆறுதலை ஒரு புரட்டன் விற்கிறான். அவளுக்கு அவன் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே வந்தது.

"அடுத்த தடவ நானும் வரேன்," என்றாள்.

மூன்றாவது மாடியில் பெரியவள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மஞ்சள் சால்வை பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பார்த்தால் மூன்று வேளையும் நிறைவாகச் சாப்பிடும் உடம்பு.

"உங்களுக்கு எங்கம்மா?" என்றது சால்வை. "எனக்கு வயித்துல."

போன முறை மார்பில் இருந்த கட்டி அதற்குள் வயிற்றுக்கு இறங்கிவிட்டது. பெரியவள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இடது மார்புலங்க. நெல்லிக்காய் அளவு. ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. கத்தின்னாலே எனக்கு உதறுது."

சால்வை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதது. பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனது. அந்த அம்மாளுக்கு அடிக்கடி தாகம் எடுத்தது.

பெரியவளின் முறை வந்தது. ஐயா மைக்கைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை இருமினார். மேஜைக்கு அடியில் இருமல் மருந்து பாட்டில் தெரிந்தது. கம்பி தலையிலிருந்து இறங்கியது. நெற்றியில் சும்மா இருந்தது, கழுத்தில் சும்மா இருந்தது, வலது பக்கத்தில் சும்மா இருந்தது. இடது பக்கம் வந்ததும் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"நெல்லிக்காய் அளவு," என்றார் ஐயா. "யாரும் சொல்லல. கம்பி சொல்லுது."

"ஐயா, அது மேலாப்புல இருக்கா, ஆழத்துலயா?"

"ஆழத்துல தாயே. சதையில வேர் விட்டிருக்கு. கத்தி வெச்சா வேர் பரவும்."

கம்பி கிண்ணத்தில் தோய்ந்தது. தண்ணீர் கறுத்தது.

"பாதி கரைஞ்சிருச்சு. பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கா?"

பெரியவள் கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் சின்னவள் இருந்தாள், மருந்துக்கடைக்காரர் இருந்தார். பின்னால் அவளிடம் புருவம் திருத்திக்கொள்ளும் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். குடல் கதையை நம்பியவர்கள். செய்யப் போவது தெரிந்துதான் வந்தாள். ஆனாலும் தோளருகே போன கை அங்கேயே நின்றுவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சின்னவள் முகத்தைப் பார்த்தாள். அதில் நம்பிக்கை நிறைந்திருந்தது, அதுவும் அந்தக் கம்பியின் மேல்.

திரும்பி நின்றாள். புடவைத் தலைப்புக்குள் கையை விட்டுப் பையை எடுத்து, ஐயாவின் மேஜையில் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க கரைச்சது இதத்தான் ஐயா. எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது. போன வருஷமே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. குடல்னு ஊருக்குப் பொய் சொன்னேன். இது நானே தெச்ச பை."

பார்லர் கத்தரிக்கோல் கைப்பையில் இருந்தது. தையலைப் பிரித்தாள். கடுகு மேஜையில் கொட்டி, மைக்கில் மழைபோலச் சத்தம் எழுப்பி, தரையெல்லாம் ஓடியது.

"பாதி கரைஞ்சிருக்கான்னு யாராவது அளந்து சொல்லுங்க."

ஐயா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "அது வந்து... உன் பழைய நோயோட அதிர்வு கடுகுல ஏறியிருக்கு."

"வேர் விட்டிருக்குன்னீங்களே. கடுகுக்குக் கேன்சர் வந்தா மளிகைக்கடைக்காரருக்குல்ல சொல்லணும்?"

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். மஃப்ளர்க்காரர் கரகரத்த குரலில், "அந்த சால்வை என்கிட்ட தொண்டையிலன்னு சொல்லிச்சு," என்றார். "என்கிட்ட கர்ப்பப்பை," என்றாள் இன்னொருத்தி. ஒரே உடம்பில் இத்தனை நோய் தாங்கிய அந்தப் புண்ணியவதி, படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கியதைப் பலர் பார்த்தார்கள். சத்தம் வளர்ந்தது. ஐயாவும் பின்கதவு வழியாகக் கம்பி நீட்டினார். கையில் பிடித்திருந்ததை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் நீட்டினார்.

எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு தாத்தா தரையில் குந்தி, கடுகைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் பெரியவள்.

"ஐயா கம்பி பட்ட கடுகும்மா. வீட்ல மூட்டுவலி."

சின்னவள் பெரியவளோடு படி இறங்கி நடந்தாள். பார்லர் வாசலுக்கு வந்ததும், "எனக்குக் காட்டறீங்களா அக்கா?" என்றாள்.

பெரியவள் ஷட்டரை இறக்கினாள். விளக்குகளைப் போட்டாள். ஒவ்வொரு கண்ணாடியிலும் அந்தத் தழும்பு தெரிந்தது. நடு மார்பிலிருந்து அக்குள் வரை ஓடிய ஒரு கோடு. ஒரு வருஷத்தில் அவளும் அன்றுதான் அதை முழுசாகப் பார்த்தாள்.

"வலிக்குமா?"

"சில சமயம் இழுக்கும். பக்கத்துல டியூப் மாட்டி டப்பாவ தொங்கவிடுவாங்க, அத தூக்கிட்டே பாத்ரூம் போகணும். கை மேல வராது. செவுத்துல விரல ஏணி மாதிரி ஏத்திப் பழகணும். மருந்து ஏத்தினா முடி கொட்டும். எனக்குத் திரும்ப வந்தது சுருட்டையா வந்துச்சு. உனக்கும் வந்தா காசு வாங்காம நேராக்கி விடறேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்னு சொல்ல மாட்டேன். அழுவே. அழறப்போ நான் இருக்கேன்."

வியாழக்கிழமை சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டியை எடுத்தார்கள், டாக்டரம்மா இன்னும் மருந்து இருக்கிறது, பொறுமை வேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரர் இப்போது மாத்திரை விற்கும்போது கொஞ்சம் மரியாதையோடு எடுத்துக் கொடுக்கிறார். வார்டில் புதிதாக வந்த ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதபோது, சின்னவள் டியூப் டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் போய், "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அதே மாதிரி ஒரு கேள்வியை அன்று மஞ்சள் சால்வையும் கேட்டது. கேட்க வேண்டியவர்கள் கேட்காத இடத்தில்தான் சால்வைகளுக்கு வேலை கிடைக்கிறது.

அதிர்வு ஐயா இப்போது வேறு ஊரில் இருக்கிறாராம். செம்பு போய் வெள்ளிக்கம்பி வந்திருக்கிறதாம். உங்கள் ஊருக்கும் வருவார். அவரிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை, பதில்கள் தயாராக வைத்திருப்பார். ஒரு பிடி கடுகை முடிந்துகொண்டு போய் அவர் எதிரே நில்லுங்கள். கம்பி நடுங்கினால், அன்றைக்கு நடுங்க வேண்டியது நீங்கள் இல்லை.