வால்மிளகு அப்புவும் இருமாத தோட்டமும்

பதுளைக் கடைத்தெருவில் போன வாரம் நடந்துகொண்டிருந்தேன். ஏதோ ஒரு வீட்டுக்குள் உரல் இடிக்கும் சத்தம். பின்னாலேயே வாசனை வந்தது: முதலில் மிளகைப் போல ஒரு குத்து, அது ஓய்வதற்குள் கற்பூரத்தைப் போல ஒரு குளிர்ச்சி. என் தொண்டையில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்த இருமல் ஒன்று, யாரையோ எதிரில் கண்டுவிட்டதைப்போல, சத்தமில்லாமல் திரும்பி இறங்கிப் போய்விட்டது.

யாரைக் கண்டு பயந்தது என்று எனக்குத் தெரியும்.

ஊவா மலைகள் முழுவதிலும் இருமலைக் கட்டி ஆண்ட ஒரே மனிதர் எங்கள் வால்மிளகு அப்பு. வைத்தியர்கள் இருமலைக் குணமாக்குவார்கள். இவர் இருந்த தோட்டத்தில் இருமவே யாருக்கும் துணிச்சல் வராது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, மேகம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆள் மாதிரி நடந்து திரியும் ஒரு தோட்டம் அது. நான் அங்கே கணக்கப்பிள்ளை. அவர் துரை பங்களாவில் சமையல். பங்களாச் சமையற்காரரை அப்பு என்று கூப்பிடுவது வழக்கம். வால்மிளகு என்ற பட்டம் மட்டும் அவராகச் சம்பாதித்தது. மிளகு மாதிரியே இருக்கும், காம்பு மட்டும் வால்போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சரக்கு சாவகத் தீவிலிருந்து கப்பலேறி, கொழும்பில் இறங்கி, பதுளைக் கடைக்கு வந்து சேரும். "இந்த ஊருல இத வாங்குற ஒரே மனுசர் நீங்கதான் அப்பு" என்றாராம் கடைக்கார நானா. அதை ஒரு விருதைப் போல ஆயுள் முழுக்கச் சுமந்து திரிந்தார் நம் அப்பு.

அதை வெறும் சட்டியில் வாசம் எழும்வரை வறுப்பார். சீரகமும் பூண்டும் சேர்த்துத் தட்டி, புளியைக் கரைத்து ஊற்றி ரசம் வைப்பார். கருப்பட்டி சேர்த்தால் கஷாயம். வெற்றிலையில் மடித்தால் பாட்டுக்காரனுக்கு மருந்து. சளி, தொண்டைக்கட்டு, வாய்நாற்றம், மந்தம் எல்லாவற்றுக்கும் அதுதான். சும்மா இருப்பவனுக்கும் அதுதான்.

விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் பனியில் வரிசை கட்டி நிற்கும்போது, பித்தளைச் செம்போடு பங்களாவிலிருந்து இறங்கி வருவார்.

"யாரது? இருமினது யாரு?"

மலையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் மாட்டிக்கொண்டவர் பெரிய கங்காணி.

"நாயிங்க அப்பு" என்றார், காலடியில் படுத்திருந்த நாயைக் காட்டி.

"நாய் இருமுமா?"

"இந்தக் குளுருல இருமுதுங்க."

அப்பு உட்கார்ந்து, நாயின் வாயைப் பிளந்து, கஷாயத்தை ஊற்றிவிட்டுத்தான் எழுந்தார். அந்த நாய் அதற்குப் பிறகு எந்தப் பெரட்டுக்கும் வரவில்லை.

புதிதாக வந்த துரை மழைக்காலத்தில் சளி பிடித்துக் கிடந்தார். அப்பு சூப்பில் கைவரிசையைக் காட்டிவிட்டார். ஒரு கரண்டி உள்ளே போனதும் துரையின் முகம் செவ்வரளிப் பூவானது.

"அப்பு! இது சூப்பா, மருந்தா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தொரை. அடுத்த கரண்டி குடிங்க, தெரியும்."

துரை குடித்தார். மூன்றாம் நாள் எழுந்து குதிரையேறினார். ஆனால் அன்றிலிருந்து, தோட்டமே பார்த்து நடுங்கும் அந்த மனிதர், இருமல் வந்தால் ரோஜாச் செடிகளுக்குப் பின்னால் ஓடிப்போய் இருமிவிட்டு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனை வந்தது, மாசி மாதத்துக் காமன் கூத்தில்.

மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுது பாடும் இடம்தான் கூத்துக்கு உயிர். எங்கள் ரதி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் முனியாண்டி. காப்புக் கட்டியவன்தான் பாட வேண்டும். இடையில் ஆள் மாற்றுவது சாமிக் குற்றம். அந்த வருஷம் கூத்தன்று காலையில் முனியாண்டி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டத்தாரோ சாயங்காலம் வரப்போகிறார்கள். 'உங்க ரதி அழுதா எங்களுக்குச் சிரிப்பு வருது' என்று முந்தின வருஷம் சொல்லிவிட்டுப் போனவர்கள்.

"நான் இருக்கேன்" என்று நெஞ்சைத் தட்டினார் அப்பு. புதுச் சரக்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. பந்திச் சாப்பாட்டுக்கு வாங்கிய சாதா மிளகோடு, அதையும் சுத்தம் செய்யச் சொல்லி லயத்து வரிசை வீடுகளில் இருந்த செல்லாயியிடமும் அவள் கூட்டாளிகளிடமும் கொடுத்திருந்தார். முறத்தைப் பார்த்தவர் அலறிவிட்டார்.

"செல்லாயி! வாலெல்லாம் எங்க?"

"காம்புதானே அப்பு? ஒடிச்சு ஓடையில தள்ளிட்டோம். தேத்தூள்ல ஒரு காம்பு கெடந்தாலே டீமேக்கர் ஐயா எங்கள வெரட்டுறாரு. நீங்க இம்புட்டுக் காம்போட குடுத்தா?"

தேயிலை அரைக்கும் ஸ்டோரில், தூளுக்குள் காம்பு பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய விரல்கள். வேறென்ன செய்யும்?

"அது காம்பில்ல புள்ள, வாலு!"

"மொளகுக்கு எதுக்கு வாலு? மாடுன்னா ஈ ஓட்டும். இது எத ஓட்டப்போவுது?"

போதாததற்கு, வால் போன பிறகு இரண்டும் ஒன்றுதானே என்று சாதா மிளகையும் ஒரே முறத்தில் கொட்டிக் கலந்திருந்தார்கள். முனியாண்டி ஓரத்தில் குந்தி, காப்புக் கட்டிய கையைப் பார்த்தபடி இருந்தான்.

"என் மூக்கு இருக்கு" என்றார் அப்பு. ஒவ்வொரு மணியாக எடுத்து, கசக்கி, முகரத் தொடங்கினார். மிளகுத் தூசி மூக்கில் ஏறியது. தும்மினார். மறுபடி தும்மினார். கண்ணில் நீர் கொட்டியது. பிறகு, ஊவாவில் யாரும் அதுவரை கேட்டிராத அந்தச் சத்தம்: அப்பு இருமினார்.

லயமே ஸ்தம்பித்தது.

"யாரது?" என்றாள் செல்லாயி, இடுப்பில் கைவைத்து. "இருமினது யாரு?"

வெடித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. குரலே இல்லாத முனியாண்டி கூடத் தோள் குலுங்கச் சிரித்தான். அப்பு முறைத்தார், முறைத்தார், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

"தள்ளிக்குங்க" என்று முறத்தை இழுத்துக்கொண்டாள் செல்லாயி. "ஒடிச்சது நாங்க. ஒடிச்ச எடத்துல சொரசொரன்னு நிக்கும். அது எங்க கைக்குத் தெரியாதா?"

பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். மணிகள் இரண்டு குவியலாகப் பிரிந்தன. அவர்கள் தந்த குவியலிலிருந்து அப்பு ஒன்றை எடுத்துக் கடித்தார். முதலில் காரம். அப்புறம் நாக்கில் குளிர்ச்சி ஏற ஏற, அவர் முகத்தில் பனி விலகி வெயில் விழுந்தது.

"இதேதான். அடுப்ப மூட்டுங்க!"

முனியாண்டி கஷாயத்தை மடக் மடக்கென்று குடித்தான். வெற்றிலையில் இன்னும் சில மணிகளை மடித்து மென்றான். பொழுது சாய்ந்து கூத்துத் தொடங்கியபோது அவனுக்கு வந்தது பாதிக் குரல்தான்; கிழிந்த குரல். ஆனால் புருஷனைச் சாம்பலாகப் பார்த்தவளுக்கு முழுக்குரல் எங்கிருந்து வரும்? அவன் பாடப் பாட, சிரிக்க வந்த பசறைக்காரர்களின் தலைகள் குனிந்தன. அவர்கள் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"நெசமாவே அழுவுறானாய்யா உங்க ரதி?" என்று கேட்டார் அவர்களுடைய கங்காணி, மூக்கை உறிஞ்சியபடி.

அப்பு நிமிர்ந்தார். "அழுகை அவனோடது. தொண்டை என்னோடது."

"காம்பு எங்களோடது" என்றது பின்னாலிருந்து செல்லாயியின் குரல்.

அப்பு திரும்பிப் பார்த்தார். மறுக்கவில்லை. வாழ்நாளில் தன் பெருமையில் அவர் இன்னொருவருக்குப் பங்கு கொடுத்தது அன்று ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு எனக்குப் பூனாகலைப் பக்கம் வேலை மாறியது. நான் புறப்பட்ட காலையில் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு துணி முடிச்சை என் மடியில் வைத்தார்; வாலோடுதான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல இருமினார்.

"யாரது அப்பு? இருமினது யாரு?" என்றேன்.

"நாயிங்க தம்பி" என்றார்.

அக்கம்பக்கத்தில் நாய் எதுவும் இல்லை. வண்டி அசைந்தது. அவர் சக்கரத்தோடு நாலடி நடந்து வந்தார்.

"இருமல் வந்தா வாங்க தம்பி" என்றார். வண்டி திரும்பும் இடத்தில் நின்றுகொண்டு, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்:

"வராட்டியும் வாங்க."